ஈரலுக்கு ரெண்டு மாமியார்

என் மாமியார் யாரையும் முகத்தைப் பார்த்து விசாரித்தது கிடையாது. மணிக்கட்டைப் பிடித்துத்தான் விசாரிப்பாள். வாசலில் ஆள் வந்து நின்றால், வாங்க என்று வாய் சொல்வதற்கு முன்பே அவள் கை நீண்டுவிடும். வந்தவரின் மணிக்கட்டைக் கட்டைவிரலும் நடுவிரலும் வளைத்துப் பிடிக்கும். விரல்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் போச்சு. அந்த ஆள் சாப்பிடாமல் எங்கள் தெருவைத் தாண்ட முடியாது. தபால்காரர், தலையாரி, வளையல் விற்க வருகிறவள் எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். தபால்காரர் எங்கள் தெருவை மட்டும் சாப்பாட்டு நேரத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டார் என்று மற்றத் தெருக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

நேரில் அவளை நான் நீங்க, வாங்க என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் அவள் என்றுதான் வருகிறது. அத்தையிடம் எனக்கு அந்த உரிமை உண்டு. அவளோடு அத்தனை சண்டை போட்டிருக்கிறேன்.

முதல் சண்டை கல்யாணத்துக்கு முன்பே நடந்தது. என்னைப் பெண் பார்க்க அச்சன்புதூருக்கு வந்தவள், என் பாட்டுக்கும் கோலத்துக்கும் ஒரு தலையசைப்பைப் போட்டுவிட்டு, மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் தொட்டதோடு நிற்காமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. என் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்:

"உங்க ஊர்ல கோழியெல்லாம் முட்டை போடுததில்லையா?"

அப்பா சிரித்து மழுப்பினார். எனக்குப் பொறுக்கவில்லை. "போடுது. நாங்க அதைத் திங்கத்தான் செய்யுதோம். அதுக்காக ஊரைக் கூட்டிக் காட்டுததில்லை" என்றேன். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. சம்பந்தம் முறிந்தது என்றே எல்லாரும் நினைத்தோம். அத்தை என் கையை விடாமல், "வாயி மட்டும் நல்லாத் தேறியிருக்கு. மத்ததை நான் தேத்திக்கிடுதேன்" என்று சொல்லி, வெற்றிலையை எடுத்து மடித்துக்கொண்டாள். அதுதான் நிச்சயதார்த்தம்.

சொன்னபடி என்னைத் தேற்றவும் செய்தாள். புகுந்த வீட்டில் எனக்கு நடந்த கொடுமை எல்லாம் அந்த வகைதான். காலையில் உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய். மத்தியானம் சோற்றைவிட நெய் அதிகம். வேண்டாம் என்றால், "உங்க அம்மா வீட்டுல வேண்டாம்னு சொல்லிக்கோ" என்பாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே திணித்ததில் என் அம்மா வீட்டுக்கு நான் போனபோது அங்கே என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

எங்கள் வீடு இலஞ்சியில். குற்றாலம் கூப்பிடு தூரம் என்பதால் சாரல் காலத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சம் இருக்காது. ஆனி பிறந்து மேற்கு மலையில் மேகம் இறங்கியதும், எங்கெங்கோ இருக்கிற ஒன்றுவிட்ட, ரெண்டுவிட்ட உறவெல்லாம் அருவியில் குளிக்கிறேன் என்று மூட்டையோடு வந்து இறங்கும். மற்ற வீட்டுப் பெண்கள் சலித்துக்கொள்வார்கள். அத்தைக்கு அதுதான் அறுவடைக் காலம். வருகிறவர்களைத் தென்காசி ஸ்டேஷனிலேயே, பார்சல் நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கூட்டி வரும்படி வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்புவாள். ஊருக்குத் திரும்பும்போதும் அதே தராசில் ஏற வேண்டும். பார்சல் குமாஸ்தாவுக்கு வருஷம் தவறாமல் ஒரு தூக்குவாளி முந்திரிக்கொத்துப் பலகாரம் போய்விடுவதால் அவர் ஆட்சேபிப்பதில்லை.

எடை கூடாதவர்களை ரயில் ஏற்றக் கூடாது, திருப்பிக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பது வண்டிக்காரருக்கு உத்தரவு. தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது. லீவு முடிந்துவிட்டது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, ஆளை விடமாட்டேன் என்கிறாள். கடைசியில் மனுஷன் சிற்றாற்றில் கல் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு தராசில் ஏறினார். எடை கூடியிருப்பதாக வண்டிக்காரர் வந்து சொன்னதும் அத்தை பூரித்துப் போய், "நான் சொல்லல? குத்தாலத்துத் தண்ணி பாதி, என் கையி பாதி" என்றாள். உண்மை எனக்குத் தெரியும். கல் பொறுக்கிக் கொடுத்ததே நான்தான்.

பின்னால் ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அரிசிக்குத் திண்டாட்டம் வந்து ஊரே இளைத்துக் கிடந்தபோதும் அவள் மணிக்கட்டைப் பிடிப்பதை விடவில்லை. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து மரவள்ளிக் கிழங்கை மூட்டை மூட்டையாக வரவழைத்து அவித்து வைத்துக்கொண்டு ஆளுக்காகக் காத்திருந்தாள். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கும் முன்னால் நடந்தது.

அத்தை தேற்றிய உடம்புகளிலேயே அவள் பெருமைப்பட்டது மாமாவின் உடம்பைத்தான். மாமா நடந்து வந்தால் வாசல்படி அடைத்துக்கொள்ளும். சிரித்தால் வயிறு மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருக்கும். அவ்வளவு பெரிய மனுஷர் ஒரு நாளும் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. வயலுக்குப் போவார், வந்து சாப்பிடுவார், பொழுது சாயும்போது தோப்புக்குப் போவார். "தோப்புக்குப் போயிருக்காக" என்று எங்கள் வீட்டில் சொன்னால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. மரத்திலிருந்து இறங்கிய கள்ளும், சமஸ்தான எல்லைக்கு அப்பால் செங்கோட்டையிலிருந்து வருகிற காரமான சரக்கும் அங்கே இருக்கும். கூட நாலைந்து சேக்காளிகள் இருப்பார்கள். குடித்துவிட்டு வந்தால் சத்தம் போடாமல் இன்னொரு தடவை சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். மாமாவை யாராவது குடிகாரர் என்று சொன்னால் எனக்கே கோபம் வரும்.

அத்தை அவர் குடியைத் தடுத்ததே இல்லை. அவளுக்கு அதில் ஒரு சித்தாந்தம் இருந்தது.

"குடி யாரைக் கொல்லுது? வயித்தைக் காயப்போடுதவனைத்தான் கொல்லுது. உள்ள சோறு கிடந்தா அது மேல மிதந்துட்டுப் போயிரும். தரைக்குச் சாணி மெழுகுத மாதிரி குடலுக்கு நெய்யி மெழுகிரணும். பொறவு சாராயம் எங்கன போயி ஒட்டும்?"

அதனால் மாமா தோப்புக்குக் கிளம்புமுன் ஒரு மெழுகல், திரும்பி வந்ததும் ஒரு மெழுகல். உளுந்தஞ்சோறு, அதன் மேல் கோழிக் குழம்பு, அதன் மேல் நெய். சேக்காளிகளுக்கென்று தூக்குச் சட்டியில் வறுத்த கறியும் போகும். என் சித்தாந்தம் தப்பு என்றால் இதற்குப் பதில் சொல் என்பதுபோல எங்கள் தோப்பில் மரம் ஏறுகிறவரைக் காட்டுவாள். அவரும் குடிப்பார். ஆனால் சாப்பாட்டின் பக்கம் தலைவைக்க மாட்டார். கூலி கள்ளுக்குப் போய்விட்டால் சோற்றுக்கு வழியும் இருந்திருக்காது. எலும்பும் தோலுமாக, கண் மஞ்சள் பூத்து, தென்னை மட்டையை இழுத்துக்கொண்டு போவார்.

"பாத்துக்கோ. அவனும் குடிக்கான், அவுகளும் குடிக்காக. அவன் எப்படி இருக்கான், அவுக எப்படி இருக்காக?"

வாயாடி என்று பேரெடுத்த நானும் தலையை ஆட்டிக்கொண்டே தூக்குச் சட்டியில் கறியை அள்ளி வைப்பேன்.

அந்த வருஷம் சாரல் தொடங்கியபோது மாமாவின் வயிறு இன்னும் முன்னால் வந்திருந்தது. வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. வேறு வேலையாகத் தென்காசிக்குப் போனவரை அத்தை பார்சல் தராசில் ஏறிவிட்டு வரச் சொன்னாள். போன வருஷத்தைவிட நன்றாகக் கூடியிருந்தது. "இந்தச் சாரலுக்கு அவுகதான் எல்லாரையும்விடத் தேறியிருக்காக" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இடுப்பு அரைஞாண் சதையில் பதிந்து வலிக்கிறது என்று மாமா சொன்னார். அதே வாரம் மாமா சோற்றைப் பிசையும்போது அவருடைய கல் மோதிரம் விரலிலிருந்து கழன்று குழம்புக்குள் போய்விட்டது. நல்ல வேளை, கடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம். அந்த மோதிரத்தை அதற்கு முன் சோப்புப் போட்டாலும் கழற்ற முடியாது.

அத்தை இரண்டையும் முடிந்துகொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு தென்காசியில் ஆசாரியிடம் போனாள். வெள்ளி அரைஞாணில் இன்னும் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டும், மோதிரத்தை இறுக்க வேண்டும் என்று சொன்னாள். ஆசாரி வாங்கி வைத்துக்கொண்டு கேட்டார்:

"அரைஞாணு பெரியவுகளுக்கு. மோதிரம் யாருக்கு ஆச்சி?"

"அதுவும் அவுகளுக்குத்தான்."

"ரெண்டும் ஒரே ஆளுக்கா?" ஆசாரி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஒரு ஆளு ஒரே நேரத்துல பெருத்துக்கிட்டும் மெலிஞ்சுக்கிட்டும் எப்படி ஆச்சி இருப்பாக?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார், கேட்டுவிட்டுத் துருத்தியை ஊதப் போய்விட்டார். அத்தை சிரிக்கவில்லை. இரண்டையும் திருப்பி வாங்கி மடியில் முடிந்துகொண்டு வண்டியில் ஏறினாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் தொட்டுவிட்டன. ஊரில் உள்ள மணிக்கட்டையெல்லாம் பிடித்துப் பார்த்தவள் சொந்தப் புருஷன் கையை எத்தனையோ வருஷமாகப் பிடித்துப் பார்க்கவில்லை. அத்தனை பெரிய வயிறு எதிரே இருக்கும்போது கையை யார் பார்ப்பார்கள். தோளைத் தடவினாள், எலும்பு தட்டுப்பட்டது. புறங்காலில் விரலை வைத்து அமுக்கினாள், குழி விழுந்து அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, இது சதை இல்லை போலருக்கே" என்றாள். அவள் குரல் அப்படிச் சின்னதாகப் போய் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நாலு பேர் தூக்கித்தான் மாமாவை வண்டியில் ஏற்றினோம். தென்காசியில் புதிதாக வைத்தியம் பார்க்க வந்திருந்த டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மாமாவின் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஊசி வைத்துக் குழாய் வழியாக நீரை இறக்கினார். நாங்கள் கொண்டுபோன பித்தளைத் தவலை நிறைந்து, பக்கத்து வீட்டுத் தவலையும் நிறைந்தது. அத்தை பெருமைப்பட்ட எடையெல்லாம் இரண்டு தவலையில் நின்றது. அவள் அதைப் பார்த்தபடியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"ஈரல் கெட்டுப் போயிருக்கு. குடியை இன்னியோட விட்டாகணும்" என்றார் டாக்டர்.

"அவுக வெறும் வயித்துல குடிச்சதே இல்லையே டாக்டரய்யா. நான் சோறு போடாம அனுப்புனதே இல்லை."

"என்ன போடுவீங்க?"

அத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறியது. அவர் அவளைத் திட்டவில்லை. "நீங்க ஆட்டு ஈரல் வாங்குவீங்களா அம்மா? ரொம்பக் கொழுத்த ஆட்டோட ஈரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"வெளுத்துக் கிடக்கும். சமயத்துல அரிஞ்சா கத்தியில நெய்யி ஒட்டும். நான் வாங்க மாட்டேன், அது நல்ல ஈரல் இல்லை" என்றவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அதேதான். இவரோட ஈரல்ல ஏற்கனவே கொழுப்பு ஏறியிருக்கு. சாராயமும் போய்ச் சேர்றது அதே ஈரலுக்குத்தான். நெய் அதைத் தடுக்காது, சேர்ந்து அடிக்கும். குடி மட்டும் இருந்தாலே கஷ்டம். இந்தப் பருமனும் சேர்ந்தா, ஒரு ஈரலுக்கு ரெண்டு மாமியார் மாதிரி. அது என்னதான் செய்யும்?"

நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அவள் அவ்வளவு லேசில் விடுகிறவள் இல்லை. மறுவாரமே மரம் ஏறுகிறவரைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனாள். டாக்டர் அவரைச் சோதித்துவிட்டு, இவருக்கும் ஈரல்தான், இவரும் குடியை விடணும், ஆனால் இவருக்குச் சோறு வேணும், பருப்பு, முட்டை, பால், எது கிடைச்சாலும் போடுங்க என்றார்.

"என்ன டாக்டரய்யா இது. ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு. ஒருத்தருக்குச் சோத்தைக் குறைங்கீக, ஒருத்தனுக்குப் போடுங்கீக."

"இவர் பட்டினி கிடந்து ஈரலைக் கெடுத்துக்கிட்டார், அவர் திணிச்சுக் கெடுத்துக்கிட்டார். குடி ரெண்டு பேருக்கும் பொது."

திரும்பி வருகிற வழியில் அத்தை இலஞ்சிக் குமரன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி நின்று, மாமா தேறி எழுந்தால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக நேர்ந்துகொண்டாள்.

அதன் பிறகு எங்கள் அடுக்களையில் இரண்டு உலை கொதித்தது. ஒன்று மரம் ஏறுகிறவருக்கு. பருப்பும் முட்டையும் சில நாள் கோழியும் உண்டு. இன்னொன்று மாமாவுக்கு. உப்பில்லாத கஞ்சி, மோர், பாசிப்பயறு, கீரை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காருவார்கள், இவர் கட்டிலில், அவர் முற்றத்தில். மாமா கஞ்சிக் கும்பாவை வைத்துக்கொண்டு முற்றத்து இலையையே பார்ப்பார். ஒரு நாள் சொன்னார்: "ஏட்டி, அடுத்த பிறவியில நான் மரம் ஏறுதேன்." அத்தை சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போனாள். நான் பின்னால் போனபோது, நெய்ச் சட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். புருஷனுக்கு நெய் ஊற்றாமல் இருப்பது அவர் குடியை விடப் பட்ட பாட்டைவிட அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று முதல் நானும் அவளும் சண்டை போட்டுக்கொள்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம்.

ஆனால் தோப்பு சும்மா இருக்குமா. கொஞ்சம் எழுந்து நடமாடியதும் மாமாவுக்குப் பொழுது சாய்ந்தால் கால் அந்தப் பக்கம் இழுத்தது. சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன் என்றார். அத்தை தடுக்கவில்லை. "போங்க. நானும் வாரேன்" என்றாள். ஒரு அண்டா நிறைய உப்பில்லாத கஞ்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, என்னையும் துணைக்கு ஏற்றிக்கொண்டு, சேக்காளிகள் நடுவில் போய் உட்கார்ந்தாள். எல்லார் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தாள். வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். "அண்ணாச்சி, உங்களுக்கும் ஈரல் அப்படித்தான் இருக்கும். குடிங்க" என்று ஆளுக்கு ஒரு கும்பா கஞ்சியை நீட்டினாள். இத்தனை வருஷமாக அவள் கையால் வறுத்த கறி தின்றவர்கள் எப்படி மறுப்பார்கள். மறுநாள் இரண்டு பேருக்குத் தென்காசியில் அவசர வேலை வந்துவிட்டது. அடுத்த நாள் இன்னொருவருக்கு மாமனார் வீட்டில் விசேஷம். வாரம் முடிவதற்குள் தோப்பில் கஞ்சி அண்டாவும் நாங்களும்தான் மிஞ்சினோம்.

ஊர் வாயை மட்டும் அவளால் அடைக்க முடியவில்லை. மாமா இளைக்க இளைக்க, வருகிறவர்கள் எல்லாம் அத்தையை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். புளியங்குடியில் கட்டிக்கொடுத்திருந்த மாமாவின் தங்கை ஒரு கூடை அதிரசத்தோடு வந்து, அண்ணனைப் பார்த்துவிட்டு ஒப்பாரி வைக்காத குறைதான். அத்தை அதிரசக் கூடையை அப்படியே மரம் ஏறுகிறவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு போனவள் போகிற வழியெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு போனாள் என்பது அடுத்த நாளே எங்கள் காதுக்கு வந்தது. புருஷனைப் பட்டினி போடுகிறாள் என்ற பேச்சை மற்ற எவளும் தாங்கிக்கொள்வாள். அத்தைக்கு அது உயிரை எடுத்தது.

இத்தனைக்கும் நடுவில் டாக்டர் ஒரு நாள் மாமாவைச் சோதித்துவிட்டு, கால் வீக்கம் இல்லை, கண்ணில் மஞ்சள் போய்விட்டது, நீர் திரும்பச் சேரவில்லை, தேறிட்டார் என்றார்.

அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க தேறினாக? விலா எலும்பை எண்ணிப் பாக்கலாம். சதை வச்சாத்தான தேறினது."

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, "சதை வைக்கிறதுதான் தேறுறதுன்னா, போன வருஷம் நாலு பேரா வண்டியிலே தூக்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கு இவர் ரொம்ப நல்லாத் தேறியிருந்தாரே அம்மா" என்றார்.

எங்கள் பக்கத்தில் நோய் விட்டுப் போனாலும் தேறினான் என்போம், உடம்பு வைத்தாலும் தேறினான் என்போம். அத்தை அதுவரை அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததே இல்லை. நேர்ச்சையை எந்தத் தேறலுக்கு நேர்ந்தோம் என்பது அவளுக்கே குழப்பமாகிவிட்டது. வெல்லத்துக்குச் சொல்லி வைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இப்படியே அடுத்த சாரலும் வந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் மாமாவைக் காணவில்லை. வண்டி வாசலில் நிற்கிறது, மாடு கொட்டிலில் நிற்கிறது, ஆள் மட்டும் இல்லை. அத்தை அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தோப்புக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். சாரல் முகத்தில் அடித்தது. அங்கே மரம் ஏறுகிறவர் மட்டும் மட்டை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் இப்போது சதை பிடித்திருந்தது.

"பெரியவுக வந்தாகளா?"

"இங்கன வரலையே ஆச்சி. செங்கோட்டைப் பக்கமா ஒரு வண்டி போச்சு. அதுல போனாகளோ என்னமோ."

அத்தை ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "செங்கோட்டைக்கு எதுக்குப் போவாக? எனக்குத் தெரியாதா. நெய்யை நிறுத்தினேன், உப்பை நிறுத்தினேன், ஊரு ஏச்சும் வாங்கிக்கிட்டேன். எல்லாம் போச்சுட்டி" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கி வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தேன்.

தெரு முனைக்கு வந்தபோது குற்றாலம் சாலையிலிருந்து மாமா வந்துகொண்டிருந்தார். தலையில் ஈரத் துண்டு, வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது.

"எங்கன போனீக?"

"அருவிக்கு."

"வண்டி இங்கன நிக்குதே."

"நடந்து போனேன். நடந்து வந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன?"

"சொன்னா கஞ்சியைக் குடிச்சுட்டுப் போங்கன்னு சொல்லுவ. அதான் ஓடிட்டேன்."

மாமா வண்டியில்லாமல் அருவிக்குப் போய் எத்தனை வருஷமானதோ, அவருக்கே தெரியாது. அத்தை அவர் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். தெருவில் எல்லாரும் பார்க்கிறார்களே என்று நான்தான் வெட்கப்பட்டேன். பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஒன்றையொன்று தொட்டு மேலேயும் ஏறின. அவள் விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். "ஏட்டி, வெல்லத்துக்குச் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை நேர்ச்சை" என்றாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். பழைய சேக்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள், அண்டா எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். புளியங்குடி அம்மாளும் கோபத்தை ஒத்திவைத்துவிட்டு வந்திருந்தாள். பெரிய தராசின் ஒரு தட்டில் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மறு தட்டில் வெல்லக் கட்டிகளை அடுக்கினார்கள். அத்தை பழைய கைக்கணக்கிலேயே வெல்லம் வாங்கியிருந்தாள். குவியலில் கணிசமான பங்கு கீழேயே கிடந்தபோது மாமாவின் தட்டு மேலே எழும்பிவிட்டது. இன்னும் இரண்டு கட்டியை எடுத்த பிறகுதான் முள் நேராக நின்றது.

கூட்டம் கொஞ்சம் சிரித்தது. புளியங்குடி அம்மாள் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எங்கண்ணன் பாதி ஆளா ஆயிட்டாரே. மதினி, உங்க வீட்டுல அடுப்பு எரியுதா இல்லையா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அத்தையை இதைவிடப் பெரிய ஏச்சு யாரும் ஏசியிருக்க முடியாது. இன்றைக்குக் கோயில் என்றும் பார்க்காமல் ஒரு பிடி பிடிப்பாள் என்று நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவளுக்குத் துணையாகச் சண்டைக்குத் தயாராகவே நின்றேன்.

அத்தை தட்டில் உட்கார்ந்திருந்தவரை ஒரு தடவை பார்த்தாள். மிஞ்சிக் கிடந்த வெல்லக் குவியலை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆமா, பாதிதான்" என்றாள். "குமரன்கிட்ட, பாதியாவது குடுன்னுதான் கேட்டேன். முழுசாத்தான் வேணும்னு நின்னிருந்தா, உங்க அண்ணனோட வருசத் திதிக்குத்தான் நீங்க வந்திருப்பீக."

மாமாவை இறக்கிவிட நாலு பேர் முன்னால் வந்தார்கள். அத்தை அவர்களை விலகச் சொன்னாள். தட்டுக்குப் பக்கத்தில் போய், அவர் அக்குளில் கையைக் கொடுத்து, அவள் ஒருத்தியாகவே அவரைத் தூக்கித் தரையில் நிறுத்தினாள்.